‘வரவு’ என்றால் விற்பனை இல்லை: ஏஐ உதவியாளருக்குக் குறிப்புக் கோப்பு எழுதுவது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியும். அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி மில்களுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள், தனி ஆள். கிளாட் கோட் (ஆந்த்ரோபிக் நிறுவனத்தின், கோட் எழுதித் தரும் ஏஐ உதவியாளர்) வைத்து வேலை செய்கிறீர்கள். ஒவ்வொரு புது சாட்டிலும் முதல் அரைமணி நேரம் பழைய கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது என்று 600 வரியில் ஒரு குறிப்புக் கோப்பு எழுதி வைத்தீர்கள், அப்படியும் அது பாதியைக் காதில் வாங்குவதில்லை. நண்பர் ஒருவர் ‘ஸ்கில்’ எழுது என்கிறார், இன்னொருவர் ‘ஏஜென்ட்ஸ் கோப்பு’ எழுது என்கிறார். எதை எழுதுவது, எப்படி எழுதுவது, அடுத்த மில் வேலைக்கும் அதையே எப்படி எடுத்துப் போவது?

முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறேன். டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை, பல வருட வாடிக்கை. அங்கே இன்னும் பற்று வரவு பழக்கம்தான். மாதச் சம்பளக்காரர்கள் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள், சம்பளம் வந்ததும் கட்டுவார்கள். நோட்டில் இருந்ததை அப்படியே டேபிளாக்கியபோது காலம் (டேபிளின் நெடுவரிசை) இரண்டுக்கும் ‘பற்று’, ‘வரவு’ என்றே பெயர் வைத்தேன், ஆங்கில எழுத்தில். போன வருடம் தினசரி விற்பனை ரிப்போர்ட்டை மாற்றி எழுதச் சொல்லி ஏஐ உதவியாளரிடம் கொடுத்தேன். அது டேபிளைப் பார்த்தது, ‘வரவு’ என்றால் வருமானம் என்று எடுத்துக்கொண்டது, விற்பனையோடு கூட்டிவிட்டது. கோட் சுத்தமாக இருந்தது. அதுவே எழுதிய டெஸ்ட்டுகள் எல்லாம் பாஸ் ஆயின, ஏனென்றால் டெஸ்ட்டும் அதே தப்பான புரிதலில் எழுதப்பட்டது. மூன்றாம் நாள் கடை அண்ணாச்சி போன் செய்தார்: “தம்பி, நேத்து இவ்வளவு யாவாரம் நம்ம கடையில எங்க நடந்துச்சு?”

திங்கட்கிழமை ஒருவர் 1,800 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார், பற்றில் எழுதுகிறோம், அன்றைக்கே அது விற்பனை. வெள்ளிக்கிழமை அவர் 1,800 கட்டுகிறார், வரவில் எழுதுகிறோம். கல்லாவுக்குப் பணம் வந்தது உண்மை, ஆனால் விற்பனை புதிதாக நடக்கவில்லை. ரிப்போர்ட் இரண்டையும் கூட்டி 3,600 காட்டியது.

அன்றைக்கு ராத்திரி கோப்பில் நான் சேர்த்தது இவ்வளவுதான்: “வரவு என்பது வாடிக்கையாளர் பழைய பாக்கிக்குக் கட்டிய பணம். அந்தச் சாமானின் விற்பனை, பில் போட்ட நாளிலேயே ஏறிவிட்டது. ஆகவே விற்பனை ரிப்போர்ட்டில் வரவைக் கூட்டாதே. கல்லா ரொக்கம் காட்டும் ரிப்போர்ட்டில் மட்டும் கூட்டு.” அதன்பிறகு நான்கு கடைக்கு அதே வரி போயிருக்கிறது, அந்தத் தவறு திரும்ப வரவில்லை.

கவனித்துப் பாருங்கள், இந்த விஷயம் கோடில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்டர்நெட்டிலும் நம் கடையின் பழக்கம் கிடைக்காது. அண்ணாச்சி தலைக்குள்ளும் என் தலைக்குள்ளும் மட்டும் இருந்தது. உதவியாளர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லாத இப்படிப்பட்ட விஷயத்துக்குத்தான் குறிப்புக் கோப்பு. அது தானாகவே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை எழுதினால், இந்த மாதிரி வரி அந்தக் கூட்டத்துக்குள் புதைந்துபோகும்.

உங்கள் 600 வரிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய பகுதியைப் பார்த்தேன். ‘தரமான, சுத்தமான கோட் எழுது’, ‘வேரியபிளுக்கு அர்த்தமுள்ள பெயர் வை’, ‘எரர்களைச் சரியாகக் கையாளு’. இதெல்லாம் சொல்லாவிட்டாலும் செய்ய முயலும், சொன்னாலும் அதற்கு மேல் ஒன்றும் கூடாது. ஃபோல்டர் பட்டியல் முழுவதையும் எழுதியிருக்கிறீர்கள், ஃபோல்டரைத் திறந்தால் அதற்கே தெரியும். ஸ்பேஸ் எத்தனை, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்பதை எல்லாம் கோடை ஒழுங்குபடுத்தும் ஃபார்மட்டர் பார்த்துக்கொள்ளும். கிளாட் கோடில் இனிட் என்ற கமாண்டைக் கொடுத்தால் அதுவே ரெப்போவை (ப்ராஜெக்ட்டின் கோட் கிடங்கை) படித்து ஒரு கோப்பு எழுதித் தரும், பலரும் அதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்துக்கு நல்லதுதான், ஆனால் அது பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தானே எழுதியிருக்கும்? ரன் செய்யும் கமாண்ட், டெஸ்ட் கமாண்ட் போன்றவற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டு, அதற்குத் தெரியாததை நீங்கள் சேர்க்க வேண்டும்.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தக் கோப்பு ஒவ்வொரு சாட்டின் தொடக்கத்திலும் முழுசாக உள்ளே போகிறது. அதன் கான்டெக்ஸ்ட்டில் (ஒரு சாட்டில் அது ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும் இடத்தில்) இடம் பிடிக்கிறது, டோக்கன் (ஏஐ எழுத்தை எண்ணும் துண்டு) செலவு ஒரு பக்கம், அதைவிடப் பெரியது கவனம் சிதறுவது. 600 வரியில் 40 வரிதான் உயிரான விஷயம் என்றால் அந்த 40-ம் மீதி 560-ம் அதற்கு ஒரே எடைதான். கிளாட் கோடைச் செய்பவர்களே 200 வரிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் 80 வரியைத் தாண்டினாலே எதை எடுக்கலாம் என்று பார்ப்பேன்.

உங்கள் மில் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் தொழிலில் இப்படிப்பட்ட வரிகள் கொட்டிக்கிடக்கின்றன, 600 வரியில் அவை ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன. கூலி அரவையை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி நெல் கொண்டுவருகிறார், மில் அரைத்துக் கொடுக்கிறது, கூலி வாங்கிக்கொள்கிறது. அந்த நெல் மில்லுடைய சரக்கு இல்லை. ஆனால் கேட் வழியாக வந்ததும் எடை போட்டு என்ட்ரி போடுகிறீர்கள். உதவியாளரிடம் ‘ஸ்டாக் ரிப்போர்ட் எழுது’ என்றால் அந்த என்ட்ரியையும் கொள்முதல் என்று நினைத்து இருப்பில் ஏற்றிவிடும், வருட முடிவில் ஆடிட்டர் முன்னால் உட்காரும்போதுதான் தெரியும். தவிடும் உமியும் யாருக்கு என்பது மில்லுக்கு மில் பேச்சு வேறு. குருணையைத் தனியாக எடை போடுகிறார்களா, அரிசியோடு சேர்த்தா? ‘மூட்டை’ என்ற ஒரே வார்த்தை, நெல்லுக்கு ஒரு எடை, அரிசிக்கு வேறு எடை. உங்கள் பக்கம் பெரியவர்கள் இன்னும் ‘கோட்டை’ என்ற பழைய நெல் அளவுக் கணக்கில் பேசுவார்கள், அதை யாராவது டேபிளின் குறிப்புக் காலத்தில் டைப் செய்தும் வைத்திருப்பார்கள். இவற்றை எழுதுங்கள். ஒரு மாதிரிக்கு:

“கூலி அரவை: நெல் விவசாயியுடையது. மில் இருப்பில் ஏற்றாதே, கொள்முதலிலும் காட்டாதே. மில்லுக்கு வருமானம் அரவைக் கூலி மட்டும். காரணம்: இருப்பு மதிப்பு தப்பாகக் கூடிவிடும், ஆடிட்டில் நிற்காது.
மூட்டை: தனியாக எண்ணிக்கையாகச் சேமிக்காதே, எப்போதும் கிலோவில் சேமி. திரையில் காட்டும்போது மட்டும் சரக்கு டேபிளில் உள்ள மூட்டை எடையால் வகுத்துக் காட்டு. காரணம்: நெல் மூட்டைக்கு ஒரு எடை, அரிசி மூட்டைக்கு வேறு எடை.
பற்று, வரவு, பாக்கி என்ற காலம் பெயர்களை ஆங்கிலமாக மாற்றாதே. மில் கணக்குப்பிள்ளை ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்களைத்தான் தேடுவார்.”

இந்த மூன்றிலும் காரணமும் சேர்த்து எழுதியிருக்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள். ‘இருப்பில் ஏற்றாதே’ என்று மட்டும் எழுதினால் அந்த ஒரு ரிப்போர்ட்டில் ஏற்றாது. ‘நெல் விவசாயியுடையது’ என்று காரணம் தெரிந்தால், நாளைக்கு இன்சூரன்ஸுக்கு இருப்பு மதிப்புக் கேட்கும்போதும், நீங்கள் நினைத்தே பார்க்காத வேறு ஓர் இடத்திலும் அதுவே யோசித்து நடந்துகொள்ளும். அதேபோல ‘செய்யாதே’ என்று நிறுத்திவிடாமல் அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தப்பை விட்டு இன்னொரு தப்பான வழியைப் பிடிக்கும்.

சரி, எந்தக் கோப்பு என்ற கேள்வி. இதில் குழம்ப வேண்டாம், எல்லாமே சாதாரண மார்க்டவுன் எழுத்துதான், பெயரும் இடமும்தான் வேறு. கிளாட் கோட், ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில் கிளாட்.எம்டி என்ற கோப்பைத் தேடும் (பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்). மற்ற ஏஐ உதவியாளர்களில் கிட்ஹப் கோப்பைலட், டாட் கிட்ஹப் ஃபோல்டருக்குள் தனக்கென்று ஓர் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் கோப்பைப் பார்க்கும். கர்சருக்கு டாட் கர்சர் ஃபோல்டருக்குள் ரூல்ஸ். ஜெமினி சிஎல்ஐக்கு ஜெமினி.எம்டி. இப்படி ஆளுக்கொரு பெயராக இருந்ததால்தான் 2025-இல் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பொதுப் பெயர் வந்தது. ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ், கோப்பைலட் முதல் பல கருவிகள் அதைப் படிக்கின்றன, அந்த வருட டிசம்பரில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள்ளும் போய்விட்டது. எங்கள் இடத்தில் நான் கிளாட் கோட், கூட வேலை செய்யும் தம்பி கோப்பைலட். ஆகவே விஷயம் எல்லாம் ஏஜென்ட்ஸ்.எம்டியில் இருக்கிறது, கிளாட்.எம்டிக்குள் ‘@’ போட்டு அந்தக் கோப்பின் பெயரை எழுதி இழுத்துக்கொள்கிறேன், ஒரே வரி. இரண்டு கோப்பில் ஒரே விஷயத்தை எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் இரண்டும் வேறு வேறு பேச ஆரம்பித்துவிடும்.

ப்ராஜெக்ட் கோப்பு தவிர இன்னும் இரண்டு இடம் உண்டு. ஒன்று உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் சொந்தக் கோப்பு, எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொது. ‘எனக்குப் பதிலைத் தமிழில் சொல், கமிட் செய்தியை ஆங்கிலத்தில் எழுது’ போன்றவை அங்கே. இன்னொன்று உள் ஃபோல்டர்களில் வைக்கும் கிளாட்.எம்டி. அந்த ஃபோல்டரில் உள்ள கோப்பைத் தொடும்போது மட்டும் அது உள்ளே வரும். ஜிஎஸ்டி ஃபோல்டருக்குள் வரி சம்பந்தமான வரிகளை வைத்திருக்கிறேன்: செங்கோட்டை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் போகும் மொத்தச் சரக்குக்கு மாநிலக் கோடு 32, நம்முடையது 33, ஆகவே அங்கே ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி), உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் இல்லை என்று. திரையின் நிறத்தை மாற்றும் வேலைக்கு இது எதற்கு? அந்த ஃபோல்டர் பக்கம் போனால் படித்தால் போதும்.

இப்போது ஸ்கில். நீங்கள் கேட்ட ‘அடுத்த மில்லுக்கும் எடுத்துப் போவது’ என்பதற்கு இதுதான் சரியான வழி. ஆந்த்ரோபிக் 2025 அக்டோபரில் கொண்டுவந்தது, டிசம்பரில் மற்றவர்களும் பயன்படுத்தும்படி திறந்த தரமாக வெளியிட்டது. ஒரு ஃபோல்டர், அதற்குள் ஸ்கில்.எம்டி என்ற கோப்பு. கோப்பின் தலையில் இரண்டு விஷயம், பெயரும் விவரணையும். அதற்குக் கீழே செய்முறை. கூடவே வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட், மாதிரிக் கோப்புகள். இதில் என்ன விசேஷம் என்றால், சாட் தொடங்கும்போது பெயரும் விவரணையும் மட்டும்தான் உள்ளே போகின்றன. வேலைக்குப் பொருந்துகிறது என்று அதற்குத் தோன்றினால் அப்போதுதான் முழுக் கோப்பையும் திறந்து படிக்கும், அதிலும் மேலும் தேவைப்பட்டால் பக்கத்துக் கோப்புகளைத் திறக்கும். ஆகவே இருபது ஸ்கில் வைத்திருந்தாலும் கான்டெக்ஸ்ட் நிரம்பாது.

அதனாலேயே விவரணை வரிதான் ஸ்கில்லின் உயிர். அது சரியாக இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் கோப்பு திறக்கப்படவே மாட்டாது. தெர்மல் பிரிண்டரில் தமிழ் ரசீது அச்சடிக்க நான் ஒரு ஸ்கில் வைத்திருக்கிறேன். முதலில் ‘பில் பிரிண்ட் செய்ய உதவும்’ என்று எழுதியிருந்தேன். பத்துக்கு ஆறு தடவை அதைத் திறக்கவே இல்லை, ஏனென்றால் நான் கேட்கும்போது ‘பில் பிரிண்ட்’ என்றா கேட்கிறேன்? ‘அந்தக் கடையில் விலை எல்லாம் கோணலாக வருதாம், பார்’ என்றுதான் கேட்கிறேன். இப்போது இப்படி இருக்கிறது: “தெர்மல் பிரிண்டருக்கு ரசீது, டோக்கன், லேபிள் அச்சடிக்கும் கோடை எழுதும்போதும் திருத்தும்போதும் படிக்கவும். தமிழ் எழுத்து உடைகிறது, கொம்பு இடம் மாறுகிறது, விலை நேராக நிற்கவில்லை, பேப்பரில் ஓரம் வெட்டுப்படுகிறது என்ற புகார்களுக்கும் இதுவே.” வாடிக்கையாளர் வாயில் வரும் வார்த்தைகளை அப்படியே போட்டதும் ஒவ்வொரு முறையும் சரியாக எடுக்கிறது. விவரணைக்கு 1,024 எழுத்து வரை இடம் இருக்கிறது, நான் அதில் கால்வாசிகூடத் தொடவில்லை, போதும்.

அந்த ஸ்கில்லுக்குள் என்ன இருக்கிறது என்றும் காட்டுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் எடைச் சீட்டு அடிக்க இது தேவைப்படும். சந்தையில் கிடைக்கும் சாதாரண தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது, ஆகவே தமிழ் வரியைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். 80 மில்லிமீட்டர் பேப்பரில் அகலம் பொதுவாக 576 புள்ளி, 58-இல் 384 புள்ளி. ஆங்கிலத்தில் என்றால் 80-இல் வரிக்கு 48 எழுத்து, 58-இல் 32 எழுத்து என்று எண்ணி ஸ்பேஸ் போட்டு நிரப்பிவிடலாம். ஏஐயும் பழக்கத்தில் அப்படித்தான் எழுதும். ‘திருநெல்வேலி’ என்று நமக்கு ஆறு எழுத்து. ப்ரோக்ராமில் நீளம் கேட்டால் 12 என்று சொல்லும், ஏனென்றால் தி என்பதில் த ஒன்று, கொக்கி ஒன்று. ‘அல்வா’வுக்கு மூன்றுக்குப் பதில் ஐந்து. இந்த நீளத்தை நம்பி ஸ்பேஸ் போட்டால் விலை காலம் பாம்பு மாதிரி நெளியும். சரி, எழுத்தாக எண்ணினால் சரியாகுமா என்றால் அதுவும் ஆகாது, ‘ணை’ பிடிக்கும் அகலம் வேறு, ‘ர’ பிடிக்கும் அகலம் வேறு. ஆகவே ஸ்கில்லில் எழுதியிருப்பது: எழுத்தை எண்ணாதே, அந்த எழுத்துருவில் வரியின் அகலத்தைப் புள்ளியில் அளந்து, விலையை வலது ஓரத்திலிருந்து வை.

இன்னொன்று, இது எனக்கு இரண்டு நாளைத் தின்றது. பைத்தானில் பில்லோ லைப்ரரி வைத்துப் படமாக்கும்போது ராக்ம் என்ற துணை லைப்ரரி வேலை செய்யாவிட்டால் ‘நெல்லை’யில் கொம்பு ந-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். என் லேப்டாப்பில் சரியாக வந்தது, கடைக் கம்ப்யூட்டரில் உடைந்தது. அதற்காக ஸ்கில் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன்; ராக்ம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், பிறகு நெல்லை, அல்வா, கொத்தமல்லி, மிளகாய்த்தூள் என்று பத்துச் சாமான் போட்ட ஒரு மாதிரி ரசீதைப் படமாக எழுதும். கோடை மாற்றியதும் அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டி, படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டும் என்பது ஸ்கில்லின் கடைசி வரி. எந்தச் செய்முறை எழுதினாலும் இப்படித் தன் வேலையைத் தானே சரிபார்க்கும் வழி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பத்து எச்சரிக்கை வரியைவிட அது உதவுகிறது.

நான் பார்த்ததில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. குறிப்புக் கோப்பு என்பது சொல்லி வைப்பதுதான், பூட்டுப் போடுவது இல்லை. பெரும்பாலும் கேட்கும், நீண்ட சாட்டில் எப்போதாவது நழுவும். ஒரு தடவைகூட நழுவக் கூடாத விஷயத்தைக் கோப்பில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. ஜிஎஸ்டியில் பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மூன்றெழுத்துக் கடைப் பெயர், ஒரு சாய்கோடு, 2025-26, இன்னொரு சாய்கோடு, ஐந்து இலக்க எண். பார்க்க அழகாக இருக்கும், எண்ணினால் 17. இதைக் கோப்பில் எழுதவில்லை, டேட்டாபேஸ் காலத்திலேயே 16 என்று கட்டிவிட்டேன், டெஸ்ட்டும் இருக்கிறது. யார் எழுதினாலும், மனுஷனோ ஏஐயோ, தாண்ட முடியாது. அதேபோல பழைய மைக்ரேஷன் கோப்புகளை (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றிய படிகள் உள்ளவை) திருத்தக் கூடாது என்பதற்கு கிளாட் கோடில் ஹூக் போட்டிருக்கிறேன். திருத்தப் போகும் முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், அந்த ஃபோல்டர் என்றால் எக்சிட் கோட் 2 கொடுக்கும், வேலை அங்கேயே நின்றுவிடும். உங்கள் 600 வரியில் ‘கண்டிப்பாக’, ‘எக்காரணம் கொண்டும்’, ‘மிக மிக முக்கியம்’ என்று முப்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதில் உண்மையிலேயே கண்டிப்பான நான்கைந்தை இப்படிப் பூட்டுக்கு மாற்றிவிட்டால், மீதி இடங்களில் அந்த வார்த்தைகளை எடுத்துவிடலாம்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம், புரிந்துகொள்கிறது. ஒரே விஷயத்துக்குத் தமிழில் டோக்கன் கூடுதலாகப் பிடிக்கும், அது ஒன்றுதான் கணக்கு. நான் செய்முறை வரிகளை எளிய ஆங்கிலத்திலும் கடை வார்த்தைகளைத் தமிழிலும் வைத்திருக்கிறேன். பற்று, வரவு, பாக்கி, சிட்டை, பேரேடு, கொள்முதல், சில்லறை என்று ஒரு சொல் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நம் கடையில் என்ன அர்த்தம், எந்த டேபிளில் எந்தக் காலம் என்று ஒரு வரி. இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதினால் காரியம் கெட்டுவிடும். ‘வரவு’ என்பதை ஆங்கிலமாக்கி வருமானம் என்று எடுத்ததால்தானே எனக்கு அந்தப் பிரச்சினையே வந்தது. உங்களுக்கு எது கைக்கு இயல்பாக வருகிறதோ அதில் எழுதுங்கள், தடுமாறி எழுதிய ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் நல்லது.

எப்போது எழுதுவது? ஒரே நாளில் உட்கார்ந்து எழுதி முடிக்காதீர்கள். நானும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன், எழுதியதில் பாதி கற்பனைத் தவறுகளுக்கு மருந்து, உண்மையில் அது செய்த தவறு எதுவும் அதில் இல்லை. இப்போது வேறு மாதிரி. ஒரு விஷயத்தை இரண்டாவது முறை திருத்திச் சொல்ல வேண்டி வந்தால், அந்தச் சாட்டிலேயே, ‘இதை அடுத்த தடவை நீயே தெரிந்துகொள்ளும்படி கோப்பில் ஒரு வரி எழுது’ என்பேன். அது எழுதும் வரி பெரும்பாலும் நீளமாக, பொதுவாக இருக்கும். அதை நான் சுருக்கி, காரணத்தைச் சேர்த்து, கமிட் செய்கிறேன். கோடோடு கோடாக கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில்) இருக்கட்டும். யார் எப்போது ஏன் சேர்த்தார்கள் என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்க அதுதான் வழி.

சேர்த்த வரி நிஜமாக வேலை செய்கிறதா என்று பார்க்க, புது சாட் திறந்து, முன்னால் தப்பு வந்த அதே வேலையை, எந்தத் துப்பும் கொடுக்காமல் கேளுங்கள். பழைய சாட்டிலேயே கேட்டால் அது நீங்கள் திட்டியதை நினைவு வைத்துச் சரியாகச் செய்யும், கோப்பு வேலை செய்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அப்புறம் அந்த வரியை எடுத்துவிட்டு இன்னொரு புது சாட்டில் கேளுங்கள். வரி இல்லாமலே சரியாகச் செய்தால் அந்த வரி தேவையில்லை. ஸ்கில்லுக்கும் இதே சோதனைதான், கூடவே சம்பந்தமில்லாத வேலை ஒன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும், தேவையில்லாத இடத்தில் திறந்துகொள்கிறதா என்று.

எழுதுவதைவிடப் பழையதைக் கழிப்பதில்தான் நாம் சோம்பல்படுகிறோம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின இல்லையா, 12, 28 அடுக்குகள் பெரும்பாலும் போய், பாக்கெட் மிக்சர், காராச்சேவு எல்லாம் 12-லிருந்து 5-க்கு வந்தன. என் கோப்பில் ‘மிக்சர் வகைக்கு 12’ என்று ஒரு வரி இருந்தது. டேட்டாபேஸில் எல்லாக் கடைக்கும் 5 என்று மாற்றிவிட்டேன், கோப்பை மறந்துவிட்டேன். அக்டோபரில் புதுக் கடை ஒன்றுக்கு ஆரம்ப டேட்டா தயார் செய்யச் சொன்னபோது உதவியாளர் கோப்பை நம்பி 12 போட்டது. நல்ல வேளை, கடை திறக்கும் முன்னால் கண்ணில் பட்டது. தப்பு அதனுடையது இல்லை, எழுதி வைத்ததைத்தான் செய்தது. அதன்பிறகு மாறக்கூடிய எண் எதையும் கோப்பில் எழுதுவதில்லை. ‘வரி விகிதம் எச்எஸ்என் (சரக்குக் குறியீடு) டேபிளில் இருக்கிறது, அமலுக்கு வந்த தேதியோடு படி, நினைவிலிருந்து போடாதே’ என்று எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்கு அரவைக் கூலி, நெல் விலை எல்லாம் அப்படித்தான்.

ஒரு மில்லிலிருந்து அடுத்த மில்லுக்கு எடுத்துப் போவதில் ஒரு பிரிவினை வேண்டும். எடைச் சீட்டு அச்சடிப்பது, கூலி அரவைக் கணக்கு, ஜிஎஸ்டி பில் இதெல்லாம் எந்த மில்லுக்கும் ஒன்று, இவை ஸ்கில்லாகத் தனி ரெப்போவில் இருக்கட்டும். ‘இந்த மில்லில் தவிடு முதலாளிக்கு’, ‘இந்த மில்லில் குருணையைத் தனியாக எடை போடுவார்கள்’ என்பது அந்தந்த மில்லின் கிளாட்.எம்டியில். ஸ்கில்லுக்குள் ஒரு மில்லின் பெயரோ அங்கே மட்டும் உள்ள பழக்கமோ நுழைந்துவிட்டால், அடுத்த மில்லில் அது விஷமாகிவிடும். பாஸ்வேர்ட், ஏபிஐ சாவி, விவசாயிகள் பெயர், போன் நம்பர் இதில் எதுவும் எந்தக் கோப்பிலும் வேண்டாம், இவை எல்லாம் கிட்டில் போய்ச் சேரும். அதேபோல இன்டர்நெட்டில் கிடைக்கிறது என்று யாரோ எழுதிய ஸ்கில்லை இறக்கினால், ஸ்கிரிப்ட் உட்பட வரி வரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் அனுமதியோடு ஓடப் போகிறது.

இன்றைக்கே ஆரம்பிப்பதென்றால், 600 வரிக் கோப்பை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். வெறும் கோப்பில் ரன் கமாண்ட், டெஸ்ட் கமாண்ட், கூலி அரவை வரி, மூட்டை வரி, சொல் பட்டியல், இவ்வளவு மட்டும் போடுங்கள். புது சாட் திறந்து ஸ்டாக் ரிப்போர்ட் கேளுங்கள். பழைய கோப்பிலிருந்து ஒரு வரி, அது இல்லாததால் நிஜமாகவே தப்பு நடந்தால் மட்டும் திரும்ப வரட்டும். ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அப்படியும் விவசாயி நெல் மில் இருப்பில் ஏறினால், அந்த வரியை என்ன வார்த்தையில் எழுதினீர்கள், நீங்கள் கேட்டது என்ன, அது எழுதியது என்ன, மூன்றையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.